தோட்டத்து மலையில் சிறு விமானம் இறங்கினால் செய்ய வேண்டியவை

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த பெரிய விமானம் ஒன்று மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். 2020 ஜனவரி 3ஆம் திகதி ஹப்புத்தளையில் விமானப்படையின் வை-12 விமானம் விழுந்தபோதும் அதிலிருந்த நால்வரில் எவரும் பிழைக்கவில்லை. ஆனால் எஞ்சின் நின்றுபோன சிறு விமானத்தை விமானி தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துத் தரையிறக்குவது வேறு விடயம். உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்புண்டு. அவர்களை முதலில் சென்றடைவோரும் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வசிக்கும் நாமாகவே இருப்போம்.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லாக விழுந்துவிடாது. ஒற்றை எஞ்சின் கொண்ட சாதாரண சிறு விமானம், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்தை இழக்கும்போதும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் முன்னே மிதந்து செல்லும். நம் பக்கத்திலோ நிலமே மேலெழுந்து அந்த அவகாசத்தைக் குறைத்துவிடுவதால், விமானி பாடசாலை மைதானத்தையோ, காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கத்தையோ, எதுவும் கிட்டாவிட்டால் தேயிலைச் சரிவையோ தேர்ந்தெடுக்க நேரிடும். எஞ்சின் சத்தமின்றித் தாழ்வாக வரும் விமானத்தைக் கண்டால், மைதானத்திலுள்ள பிள்ளைகளை உடனே ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, அது எந்தப் பக்கம் மறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடுவதற்கு முன் ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டும். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), தேயிலை மலையின் இலக்கம், லொறி எதுவரை வரும் என்ற நான்கையும் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத இடமானால், கால் வேகமுள்ள ஒருவரை உச்சிக்கு அனுப்புங்கள்.

நெருங்கும் விதத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கசியும் எரிபொருள் கானோடு (வடிகாலோடு) கீழ்நோக்கி ஓடும் என்பதாலும், சரிவில் நிற்கும் விமானம் சறுக்கக்கூடும் என்பதாலும், மேற்புறமாக, காற்று நம் முதுகில் படும்படி செல்ல வேண்டும். பீடி, சிகரெட், நெருப்புப் பெட்டி எதுவும் அருகில் வரக்கூடாது. மின்கம்பி அறுந்து விழுந்திருந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை எவரும் நெருங்க வேண்டாம். நின்றுபோன காற்றாடியையும் தொடாதீர்கள். அது திடீரென்று சுழலலாம்.

நெருப்போ புகையோ நீரோ இல்லையென்றால், காயப்பட்டவரை அவசரப்பட்டு இழுத்தெடுக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால், நல்ல மனத்தோடு இழுக்கும் நம் கையே அவரை வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடத்திவிடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். இரத்தம் வடியும் இடத்தைத் துணியால் அழுத்துங்கள். மழையும் மூடுபனியும் உடலைச் சீக்கிரம் குளிர்வித்துவிடும் என்பதால் கம்பளியோ படங்கோ போர்த்துங்கள். நெருப்போ புகையோ நீரோ சூழ்ந்தால் மட்டும் தயங்காமல் வெளியே எடுங்கள். இருக்கைப் பட்டி கழலாவிட்டால் கவ்வாத்துக் கத்தியால் அறுக்கலாம். விமானம் தலைகீழாகக் கிடந்தால், முதலில் இருவர் அவருடைய பாரத்தைத் தாங்கிக்கொண்ட பிறகே அறுக்க வேண்டும்.

அம்புலன்ஸ் வர முடியாத ஒற்றையடிப் பாதையில் தூக்குக் கட்டில் நாமே செய்துகொள்ளலாம். இரண்டு கொழுந்துச் சாக்குகளின் அடி மூலைகளை வெட்டி, அவற்றினூடாக இரண்டு நீண்ட மூங்கில்களை நுழைத்தால் போதும். எங்கள் முதலுதவிப் பயிற்சியில் முதல் முறை மூலையைப் பெரிதாக வெட்டிவிட்டதால், பாரம் ஏறியதும் சாக்கு கிழிந்து, படுத்திருந்த இளைஞர் நழுவிவிட்டார். மூங்கில் இறுக்கமாக நுழையும் அளவுக்கே வெட்டி, உங்களில் ஒருவரைக் கிடத்தித் தூக்கிப் பார்த்த பின்னரே காயப்பட்டவரை ஏற்றுங்கள்.

நீர்த்தேக்கத்தில் இறங்கியிருந்தால் நீந்திச் செல்ல வேண்டாம். படகு, கயிறு, காற்றடைத்த டியூப் ஆகியவற்றைத் தேடுங்கள்.

மீட்பு முடிந்ததும் ஒரு துண்டுப் பொருளையும் எடுக்கவோ நகர்த்தவோ கூடாது. எஞ்சின் ஏன் நின்றது என்பதை விசாரணையாளர்கள் அந்தச் சிதைவுகளைக் கொண்டே கண்டறிய வேண்டும். விமானத்தில் அவசர சமிக்ஞை அனுப்பும் கருவி இருக்கலாம், அதை அணைக்காதீர்கள். மொத்தம் எத்தனை பேர் என்று விமானியிடமோ பயணிகளிடமோ கேட்டு, வெளியே எடுத்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் குறைந்தாலும் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் கான்களிலும் தேடுங்கள். அதிர்ச்சியில் நடந்து சென்று விழுந்து கிடப்பவர்களும் உண்டு.