ஐந்து கார்டுகளும் ஒரு கேபோவும்: டெய்லர் ஸ்விஃப்டின் தொடக்ககாலப் பாடல்களைக் கிதாரில் பழகும் முறை

டெய்லர் ஸ்விஃப்டின் பாடல்களைக் கிதாரில் வாசிக்க விரும்பும் புதியவர்கள், அவருடைய அண்மைக்காலப் பாடல் ஒன்றை முதலில் எடுத்துக்கொண்டு திணறுவதை அடிக்கடி காண்கிறேன். 2014-இல் வெளிவந்த ‘1989’ என்ற தொகுப்புடன் அவர் முழுமையாகப் பாப் இசைக்கு வந்துவிட்டார். அங்கே சிந்தசைசரும் தாளக்கருவிகளுமே முன்னிற்பதால், தனிக் கிதாரில் அப்பாடல்கள் வெறுமையாக ஒலிக்கும். மாறாக, பென்சில்வேனியாவில் 1989-ஆம் ஆண்டு பிறந்து, 14 வயதில், கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசையின் மையமான நாஷ்வில்லுக்கு அருகிலுள்ள ஹெண்டர்சன்வில்லுக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்த அந்தப் பெண், பள்ளிக்குச் சென்றுகொண்டே எழுதிய கன்ட்ரி பாடல்கள் ஒரு சில கார்டுகளில், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்களில், அடங்கிவிடுகின்றன. அவர் தொடங்கிய இடத்தில் நாமும் தொடங்குவதே நல்லது.

முதல் படி: ஐந்து கார்டுகள்

தடித்த தந்தியை ஆறாவது என்றும் மெல்லிய தந்தியை முதலாவது என்றும் எண்ணுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளால் பிரியும் கட்டங்களே ஃபிரெட்டுகள்; அவற்றைக் கிதாரின் தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்.

ஜி: சுட்டுவிரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டிலும், நடுவிரல் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலும், மோதிர விரல் முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலும் அமர வேண்டும்.

ஈ மைனர்: சுட்டுவிரல் ஐந்தாம் தந்தியிலும் நடுவிரல் நான்காம் தந்தியிலும், இரண்டுமே இரண்டாம் ஃபிரெட்டில்.

சி: மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட், சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட். ஆறாம் தந்தியை மீட்டக் கூடாது.

டி: சுட்டுவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட், மோதிர விரல் இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட், நடுவிரல் முதல் தந்தியின் இரண்டாம் ஃபிரெட். மேலிருந்து வரும் இரண்டு தடித்த தந்திகளையும் விட்டுவிடுங்கள்.

ஏ: நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகளின் இரண்டாம் ஃபிரெட்டில் மூன்று விரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறாம் தந்தி இங்கும் வேண்டாம்.

இரண்டாம் படி: கேபோ

‘இந்தப் பாட்டு எத்தனை கட்டை?’ என்று கேட்டுப் பழகிய நமக்குக் கேபோவைப் புரிந்துகொள்வது எளிது. கிதாரின் கழுத்தில் கவ்வும் இச்சிறு கருவி, விரல் வடிவங்களை மாற்றாமல் சுருதியை மட்டும் உயர்த்துகிறது. இதனை ஃபிரெட்டின் உலோகக் கம்பி மீதே மாட்டினால் ஒலி மங்கும். கம்பியிலிருந்து வெகுதூரம் பின்னால் (தலைப்பக்கமாக) மாட்டினால் தந்தி இரையும். கம்பியை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால் மாட்டி, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்த பிறகே வாசிக்கத் தொடங்குங்கள். நான் பழகிய முதல் மாதம் முழுவதும் தந்தி இரைந்ததற்கு என் விரல்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றவாளி கோணலாக மாட்டிய கேபோ.

மூன்றாம் படி: ‘டிம் மெக்ரா’

2006-இல் வெளிவந்த ஸ்விஃப்டின் முதல் தனிப்பாடல் (சிங்கிள்) இது. பாடலாசிரியர் லிஸ் ரோஸுடன் சேர்ந்து எழுதியது. பாடல் சி மேஜரில், நம் கணக்கில் ஒரு கட்டையில், அமைந்துள்ளது. சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நேரடியாக வாசிக்கலாம். ஆனால் புதியவர்களின் விரலை முறிக்கும் எஃப் அதில் இருக்கிறது. ஆகவே ஐந்தாம் ஃபிரெட்டில் கேபோவை மாட்டி, ஜி, ஈ மைனர், சி, டி என்ற வடிவங்களைப் பிடியுங்கள். ஒலிப்பது மூலச் சுருதிதான்.

இந்த வரிசையில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஜியிலிருந்து ஈ மைனருக்குப் போகும்போது சுட்டுவிரல் அசைய வேண்டியதில்லை. ஈ மைனரிலிருந்து சிக்குப் போகும்போது நடுவிரல் அசைய வேண்டியதில்லை. சியிலிருந்து டிக்கு மாறும்போது மட்டுமே எல்லா விரல்களும் எழுகின்றன. எனவே பயிற்சி நேரத்தில் பாதியை அந்த ஒரே மாற்றத்துக்கு ஒதுக்குங்கள். முதலில் ஒரு கார்டுக்கு நான்கு எண்ணிக்கை, எல்லாம் கீழ்நோக்கிய மீட்டல்; கை பழகியதும் கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்ற அமைப்புக்கு மாறலாம். அந்த அமைப்பில் ஒலி எழாத இடத்திலும் மணிக்கட்டு நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காம் படி: ‘அவர் சாங்’

பள்ளியின் திறன் போட்டிக்காகத் தனியாக எழுதிய இப்பாடல் பின்னர் அமெரிக்கக் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது. கேபோ தேவையில்லை: டி, ஈ மைனர், ஜி, ஏ.

ஐந்தாம் படி: ‘லவ் ஸ்டோரி’

2008-இல் வந்த ‘ஃபியர்லெஸ்’ தொகுப்பின் பாடல். அத்தொகுப்பு 2010-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றபோது ஸ்விஃப்டுக்கு வயது 20. பல்லவியின் கார்டுகள் டி, ஏ, பி மைனர், ஜி. இதில் பி மைனர்தான் இடறும் கல். ஏழாம் ஃபிரெட்டில் கேபோ மாட்டி ஜி, டி, ஈ மைனர், சி என்று வாசித்தால் அந்தக் கல் விலகும். ஆனால் ஃபிரெட்டுகள் அங்கே குறுகலாக இருப்பதால் விரல்கள் நெருக்கும், ஒலியும் மாண்டலின் போல மெலிந்திருக்கும். எனக்கு அந்த மெல்லிய ஒலி பிடிக்கும். பிடிக்காதவர்கள் கேபோவைக் கழற்றிவிட்டோ, தம் குரலுக்கேற்ற வேறொரு ஃபிரெட்டில் மாட்டியோ, அதே வடிவங்களை வாசித்துப் பாடிக்கொள்ளலாம்.

கடைசிப் பல்லவியில் பாடல் டியிலிருந்து ஈக்கு, அதாவது இரண்டு கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு, ஏறுகிறது. கேபோவை நடுவில் நகர்த்தப் போராட வேண்டாம். தொடக்கநிலையில் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டுப் பழைய சுருதியிலேயே முடித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆறாம் படி: ‘யூ பிலாங் வித் மீ’

இதே தொகுப்பின் இப்பாடல் நாலரைக் கட்டை. நான்காம் ஃபிரெட்டில் கேபோ. பல்லவிக்கு டி, ஏ, ஈ மைனர், ஜி. பல்லவிக்கு முந்தைய பகுதியில் ஈ மைனர், ஜி, டி, ஏ என்று வரிசை மாறுகிறது. மாறும் அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், அந்த எட்டுக் கார்டுகளை மட்டும் தனியே பலமுறை சுழற்றி வாசியுங்கள். 2021-இல் ஸ்விஃப்ட் இத்தொகுப்பை மறுபடியும் பதிவுசெய்தபோது இவ்விரு பாடல்களின் சுருதியை மாற்றவில்லை. ஆகவே பழைய பதிவோ புதிய பதிவோ, எதை ஓடவிட்டுச் சேர்ந்து வாசித்தாலும் கேபோ அதே ஃபிரெட்டில்தான் இருக்கும்.