ஆவாரை முளைக்காமல் படுத்தியபோது

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீடு. பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூ கிடைத்துவிடும். ஆவாரம்பூவுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. நாமே வளர்ப்போம் என்று 2 முறை விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

“தோலு கல்லாட்டம் இருக்கும், ஒரசிப் போடு கண்ணு” என்றார் அம்மாயி (அம்மாவின் அம்மா). உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். உப்பிய விதைகளை மட்டும் தொட்டியில் ஊன்றினேன். எட்டாம் நாள் முளை! அன்று எனக்கிருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

அப்புறம் இலை மஞ்சளானது. தினமும் தண்ணீர் ஊற்றியது என் தப்பு. வறண்ட காட்டுச் செடி, ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். சரி என்று, ஆணிவேர் அறுபடாமல் மண்ணோடு பெயர்த்து, செம்மண்ணில் பாதி மணல் கலந்து மேட்டில் நட்டேன். வாரம் ஒரு தண்ணீர்தான். இப்போது இடுப்பளவு நிற்கிறது, மொட்டும் வைத்திருக்கிறது.