காப்பகத்துப் பூனை வீட்டுக்கு வந்த பிறகு

என் பூனை மிளகு வந்த முதல் நாள் நான் செய்த முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். அவளைத் தூக்கி வந்த கேரியர் கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, "வாடி, இனி இதெல்லாம் உன் வீடுதான்" என்றேன். வெளியே பாய்ந்த வேகத்தில் என் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் கோடு மட்டும்தான். அப்புறம் 16 மணி நேரம் ஆளைக் காணோம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே, ஒட்டடை அப்பிய வால் நுனி ஒன்று டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நமக்கு வீடு என்பது சுவரும் கதவும். பூனைக்கு வீடு என்பது வாசனை. தன் வாசனை எங்குமே இல்லாத ஓர் இடத்தில் அத்தனை அறைகளையும் ஒரே நாளில் திறந்துவிட்டால், அத்தனை மூலைகளையும் ஒரே நாளில் சந்தேகிக்க வேண்டியிருக்கும். அதனால் பூனை வருவதற்கு முன்பே ஒரே ஓர் அறையை, சின்னதாக, ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் பீரோவுக்குப் பின்னால், சோபாவின் கிழிந்த அடித்துணிக்குள் என்று கை நுழையாத சந்துகளை எல்லாம் அடைத்துவிடுங்கள். ஜன்னல் வலையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். காப்பகத்தில் அது படுத்திருந்த துணியைக் கேட்டு வாங்கி வாருங்கள். அழுக்காக இருக்கிறதே என்று துவைத்துவிடாதீர்கள், அந்த அழுக்குதான் நமக்கு வேண்டும்.

ஒளிய இடம் இல்லாமல் செய்யச் சொல்லவில்லை. நாம் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒளியட்டும் என்கிறேன். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒரே ஓட்டை என்றால் அது பொறி மாதிரி ஆகிவிடும். 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளியப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலேயே பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தது. ஆகவே "மூன்று நாளாகப் பெட்டியை விட்டு வரவே மாட்டேன் என்கிறதே" என்று கவலைப்படாதீர்கள். உள்ளே இருந்தபடியே அது வீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது. கையை விட்டு வெளியே இழுப்பதை மட்டும் செய்யக் கூடாது. அந்த ஒரு தடவையை மறக்கடிக்க எத்தனையோ நாள் ஆகும்.

பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டான லிட்டர் டிரேயை ஒரு மூலையிலும், சாப்பாட்டையும் தண்ணீரையும் அதற்கு எதிர் மூலையிலும் வையுங்கள். டிரே பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். முதல் மாதம் காப்பகத்தில் போட்ட அதே வகை மணலையே போடுங்கள். வாசனை கலந்தது வேண்டாம், அந்த வாசனை நமக்குத்தான் பிடிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். முதல் நாள் தொடாமல் விடுவது சகஜம்தான். பெரும்பாலும் வீடு அடங்கிய பிறகு ராத்திரியில் வந்து சாப்பிடும். ஆனால் "சாப்பிட்ட மாதிரிதான் இருக்கிறது" என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். நான் தராசில் எடை போட்டு வைத்து, காலையில் மறுபடி எடை போட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தில் மார்க்கரால் ஒரு கோடு. முதல் இரவு 6 கிராம், இரண்டாம் இரவு 22 கிராம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கிவிடும், சில நாள் பட்டினியிலேயே அது உயிருக்கு ஆபத்தாகலாம். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். முழுதாக 24 மணி நேரம் ஒரு வாய்கூட எடுக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள், இரண்டு நாள் ஆக விடாதீர்கள். குட்டி என்றால் 24 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: ஆண் பூனை டிரேயில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். அந்த நிமிடமே கிளம்ப வேண்டிய அவசரம் அது.

சாப்பாட்டை மாற்ற நினைத்தால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. வேலை என்ன, சும்மா இருப்பதுதான். நான் அச்சுப்படி திருத்துகிறவன். மிளகுக்குக் கொடுத்தது என் வேலை அறையைத்தான். தரையில் கவிழ்ந்து படுத்து, மண்புழு உரம் பற்றிய ஒரு கையேட்டைச் சன்னமான குரலில் வாசித்தபடியே திருத்தினேன். அதில் ஒற்றுப்பிழைக்குப் பஞ்சமே இல்லை, ஆகவே நேரமும் நிறையக் கிடைத்தது. பெட்டியின் பக்கம் பார்க்கவே இல்லை. நான்காம் நாள் ஓட்டையில் ஒரு காது தெரிந்தது. நுனி நேராக வெட்டுப்பட்ட காது. தெருவில் பிடித்துக் கருத்தடை செய்த பூனை என்பதற்கு அதுதான் அடையாளம். ஐந்தாம் நாள் இரண்டு கண்ணும் தெரிந்தன.

அந்தக் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். முறைப்பது பூனைகளுக்கிடையில் சண்டைக்கு அழைப்பு. கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடி, அதே மெதுவாகத் திறந்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுவதையும், சிமிட்டிய அந்நியரின் கையருகே கூடுதலாக வருவதையும் பார்த்திருக்கிறார்கள். மிளகு ஏழாம் நாள் திருப்பிச் சிமிட்டினாள். எனக்குக் கையேட்டில் எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

தொடுவதும் அதன் இஷ்டப்படிதான். ஒரு விரலை மூக்கு உயரத்தில், மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நீட்டுங்கள். அது வந்து முகர்ந்து கன்னத்தை உரசினால் கன்னம், தாடை, காதடி இவற்றைத் தடவலாம். வாசனைச் சுரப்பிகள் அங்கே இருப்பதால், உரசும்போது தன் வாசனையை உங்கள் மேல் பூசிக்கொள்கிறது. மூன்று எண்ணும்வரை தடவிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி தலையை முட்டினால் இன்னும் கேட்கிறது என்று பொருள். ஒன்பதாம் நாள் மிளகு கன்னம் உரசிய சந்தோஷத்தில், மல்லாந்து காட்டிய வயிற்றில் கை வைத்தேன். மணிக்கட்டில் நான்கு கோடுகள். வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம்தான், தொடச் சொல்லும் அழைப்பல்ல.

எப்போது அறைக் கதவைத் திறப்பது? நாள் கணக்கைவிட வாலைப் பாருங்கள். நீங்கள் உள்ளே போகும்போது வாலைச் செங்குத்தாகத் தூக்கியபடி வருகிறது, நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கிறது, பகலிலும் சாப்பிடுகிறது என்றால் திறக்கலாம். ஒரு தடவைக்கு ஓர் அறை. பழைய அறையின் கதவு மட்டும் எப்போதும் திறந்தே இருக்கட்டும், பயந்தால் ஓடிப்போக அதற்கு ஓர் ஊர் வேண்டும். காப்பகங்களில் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதிர்ச்சி தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று ஆக 3 மாதம். தோராயக் கணக்குதான். மிளகு மடியில் ஏற ஐந்து மாதம் ஆயிற்று. சில பூனைகள் கடைசிவரை மடிக்கே வராது, பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொள்ளும். அதுவும் பாசம்தான்.

விடிகாலையில் பூனைகள் திரைச்சீலையில் தொங்கும். அந்தியிலும் விடியலிலும்தான் அவற்றுக்குச் சுறுசுறுப்பு. படுப்பதற்கு முன் கயிறு கட்டிய குச்சியை வைத்து 10 நிமிடம் வேட்டை விளையாட்டு, உடனே சாப்பாடு. அதற்கப்புறமும் 4 மணிக்குக் கதறினால் எழுந்து போகாதீர்கள். ஒருநாள் போனீர்கள் என்றால் தினமும் போக வேண்டியதுதான்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் முடித்த பிறகுதான் அறிமுகம். முதலில் இரண்டும் படுத்த துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழகட்டும். அடுத்து மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. என் அக்கா இரண்டாம் நாளே நேருக்கு நேர் விட்டுவிட்டு, ஒரு வருஷமாக இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

லில்லிப் பூ வீட்டுக்குள் வரவே கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பாராசிட்டமால் விஷம். நாய்களுக்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வரும்.

கேரியரைப் பரணில் ஏற்றிவிடாமல் கதவைத் திறந்து, உள்ளே ஒரு துணி போட்டு, அறையிலேயே விட்டுவையுங்கள். டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் அதைக் கண்டால் பூனை பறந்துவிடும். மிளகின் கேரியர் என் மேசைக்கடியில் இருக்கிறது. நேற்று அதைத் தட்டி உதறியபோது சாக்ஸ் இரண்டும் பேனா மூடி ஒன்றும் கிடைத்தன. ஒரு சாக்ஸ் என்னுடையது, இன்னொன்று யாருடையது என்று தெரியவில்லை.