மரக்காப்பு மருந்து பூஞ்சையை உண்மையிலேயே தடுக்கிறதா? 12 வாரச் சோதனை

மருந்து ஏற்றிய கட்டை அழுகாமல் இருப்பது மட்டும் போதாது. அதே பூஞ்சை, மருந்தில்லாத கட்டையைத் தின்று தீர்த்திருக்க வேண்டும். அப்போதுதான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

கட்டை: பைன் மரத்தின் வைரம் பாயாத, அதாவது முதிர்ந்து கெட்டிப்படாத, வெளிப்பகுதியில் 19 மி.மீ. கனசதுரங்களாக அறுங்கள். முடிச்சும் பிசினும் உள்ளவை வேண்டாம். வைரப்பகுதி தானாகவே அழுகலை எதிர்க்கும். மருந்தும் உள்ளே இறங்காது.

மருந்தேற்றம்: 0, 0.25, 0.5, 1, 2 சதவீதக் கரைசல்கள் தேவை. 0 என்பது கரைப்பான் மட்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 6 கட்டைகள். எடை போட்டு, மிதக்காதபடி பாரம் வைத்து, வெற்றிடக் கலத்தில் 20 நிமிடம் காற்றை இழுங்கள். வெற்றிடம் குறையாமல் கரைசலை உள்ளே விட்டு, பிறகு காற்றைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் ஊறியதும் துடைத்து உடனே எடை போடுங்கள். 1% கரைசலில் 4 கிராம் உறிஞ்சியிருந்தால் கட்டைக்குள் 0.04 கிராம் மருந்து. கன மீட்டருக்குச் சுமார் 5.8 கிலோ. கையுறை கட்டாயம்.

வெளியில் பயன்படும் மரத்துக்கான மருந்தானால், கட்டைகளை 14 நாள் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். போரான் மருந்துகள் பெரும்பாலும் இங்கேயே கரைந்து போய்விடும்.

தொடக்க எடை: பலரும் தவறுவது இங்கேதான். கட்டைகளை 20 டிகிரி, 65% ஈரப்பதத்தில் எடை நிலைக்கும்வரை வைத்து, *மருந்தேற்றிய பிறகு* உள்ள எடையைக் குறியுங்கள். சுமார் 3.4 கிராம் கட்டையில் 0.04 கிராம் என்பது 1 சதவீதத்துக்கும் மேல். பழைய எடையை எடுத்தால் அந்த அளவு இழப்பு மறைந்துவிடும். தராசு 0.001 கிராம் வரை காட்ட வேண்டும்.

பூஞ்சை: அது வளர ஜாடியில் கூழ் தயாரியுங்கள். லிட்டருக்கு 40 கிராம் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு, கூழாக உறையவைக்க 20 கிராம் அகார், 121 டிகிரியில் 20 நிமிடம் கிருமி நீக்கம். ஆறியதும் பூஞ்சையை அதில் இடுங்கள். தாமிர மருந்தென்றால் ரோடோனியா பிளசெண்டா என்ற மரம் அழுக்கும் பூஞ்சையைக் கட்டாயம் சேருங்கள். அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் தாமிரத்தைக் கரையாத உப்பாக்கிவிடும். வேறு பூஞ்சையிடம் ஜெயித்த மருந்து இதனிடம் தோற்கலாம்.

பூஞ்சை ஜாடி முழுக்கப் படர்ந்ததும், நீராவியில் 20 நிமிடம் வைத்து ஆறிய கட்டைகளை பிளாஸ்டிக் வலைமேல் வையுங்கள். அகாரைத் தொட்டால் மருந்து அதில் கசியும். கட்டையும் நீர் கோத்து, காற்றில்லாமல் அழுகல் நின்றுவிடும். மருந்தேற்றிய சில கட்டைகளைப் பூஞ்சையில்லாத ஜாடியிலும் வையுங்கள். அவற்றின் எடை இழப்பு மருந்து ஆவியானதாலும் கசிந்ததாலும் வருவது. அதைக் கழிக்க வேண்டும். 25 டிகிரியில் 12 வாரம்.

கணக்கு: கட்டைமேல் படர்ந்த பூஞ்சை இழைகளை மெதுவாகத் துடைத்து, பழைய ஈரப்பதத்திலேயே மறுபடி நிலைப்படுத்தி எடை போடுங்கள். மருந்தில்லாத கட்டைகள் 20 சதவீதமாவது இழக்காவிட்டால் பூஞ்சை சோர்ந்திருக்கிறது. முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். இழந்திருந்தால், சராசரி இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டிய கடைசி அளவுக்கும் தாண்டாத முதல் அளவுக்கும் இடையில் இருக்கிறது மருந்தின் காப்பு எல்லை.