எடை குறைக்க கலோரி எண்ணலாமா?

தாராளமாக எண்ணலாம், ஆனால் ஆயுசுக்கும் எண்ண வேண்டாம். இரண்டு மூன்று வாரம் போதும். எதில் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

முதலில் எண்ணெயைக் கவனியுங்கள். ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கலோரி என்றால், கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே கிட்டத்தட்ட 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து வாணலியில் ஊற்றும்போது அது ஒரு கரண்டியா மூன்றா என்று தெரிவதே இல்லை. ஒரு வாரம் அளந்து ஊற்றிப் பாருங்கள், நிஜமாகவே அசந்துபோவீர்கள். ருசி பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டது, காபியில் போட்ட சர்க்கரை எல்லாம் எளிதில் கணக்கில் விட்டுப்போகும். அவற்றையும் எழுதுங்கள்.

அதற்காக ஒவ்வொரு கலோரிக்கும் மல்லுக்கட்டத் தேவையில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணே தோராயம்தான். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘எரித்த கலோரி’யை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடவே சாப்பிடாதீர்கள், அதில் பிழை அதிகம்.

இன்னொன்று, 200 கலோரிக்குக் குளிர்பானம் குடித்தால் சீக்கிரமே பசிக்கும். அதே 200 கலோரிக்கு வேகவைத்த பயறு சாப்பிட்டால் வயிறு நிறைந்திருக்கும். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறையும். அதனால் எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால், மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

உணவுக் கோளாறு இருந்தவர்கள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள் மட்டும் தயவுசெய்து மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.