ஆய்வுத் தலைப்பு அமையவில்லையா? ஆதாரத்திலிருந்து தொடங்குங்கள்

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு அமையாமல் திணறும் மாணவர்கள், கைக்கு எட்டும் ஆதாரங்களை முதலில் புரட்டிப் பார்ப்பது நல்லது. 'சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு' என்பது ஒரு கட்டுரைக்குள் அடங்காது. அது ஒரு நூலக அலமாரி. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய செய்தித்தாள்களுக்கான இணையத்தளத்தில், 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசு செய்தித்தாளின் பழைய இதழ்களைத் திறந்து, ஏதேனும் ஓர் ஆண்டின் விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் மட்டும் வாசித்தாலே, அக்காலத் தமிழ்க் கடைகள் யாரை நோக்கி விளம்பரம் செய்தன என்பது போன்ற, காலமும் இடமும் வரையறுக்கப்பட்ட கேள்வி ஒன்று எழக்கூடும். அதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா, விடை தேட ஐந்தாறு மூலங்களேனும் கிடைக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே மேற்பார்வையாளரைச் சந்தியுங்கள். வெறுங்கையோடு சென்றால், பெரும்பாலும் அவருக்குப் பிடித்த தலைப்புதான் உங்கள் தலையில் விழும்.