அரிவாள், கத்தி, அரிவாள்மனை: யார் கையும் அறுபடாமல் பார்சல் போடுவது எப்படி

திருப்பாச்சேத்தியில் அடித்த வெட்டரிவாளை ஓசூரில் தோட்டம் வைத்திருக்கிற மச்சானுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கிற நல்ல அரிவாள்மனையைப் பெங்களூரில் இருக்கும் மகள் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "கத்தியெல்லாம் பார்சல்ல எடுக்க மாட்டாங்க." எடுப்பார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் நடப்பில் இருந்த 1898 அஞ்சல் சட்டமே, "சரியாகப் பாதுகாக்கப்படாத கூர்மையான கருவி"யை அனுப்பக் கூடாது என்றுதான் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023 சட்டம் வந்து 2024 ஜூனில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் கட்டும்போது மனதில் வைத்துக்கொள்ள அந்தப் பழைய வரியே போதும், ஏனென்றால் அஞ்சலகமோ தனியார் கூரியரோ, மூட்டையைத் தூக்குகிறவர் கையைக் கிழிக்குமா என்றுதான் பயப்படுகிறார்கள். தனியார் கூரியர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடைப்பட்டியல் உண்டு, சிலர் கத்தி என்றாலே கையை விரிப்பார்கள். அதனால் கட்டி முடித்து எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சட்டத்தில் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி வாள், குத்துவாள், ஈட்டி போன்றவையும், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் ஆயுதம் என்ற கணக்கில் வரும். ஆனால் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. அதாவது தென்னை மட்டை கழிக்கிற அரிவாள் ஒன்றரை அடி இருந்தாலும் அது விவசாயக் கருவி. சுவரில் மாட்டுகிற அலங்கார வாளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அதைப் பார்சலில் போட நினைக்காதீர்கள். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு அடிக்கிற ஆளுயர அரிவாளும் அப்படித்தான், அதை வண்டியில் வைத்து நேராகக் கோயிலுக்கே கொண்டுபோவது நல்லது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறை பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் குறித்து வைக்கச் சொன்னது நினைவிருக்கலாம். அதனால் பட்டறையில் ஒரு ரசீது கேட்டு வாங்கி, அதன் நகலைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால் உங்களுக்குப் பதிலாக அந்தத் தாள் பேசும்.

சரி, கட்டுகிற வேலைக்கு வருவோம்.

பார்சல் வண்டியில் உங்கள் பெட்டி செங்குத்தாக நிற்கும், தலைகீழாகக் கிடக்கும், மேலே இருபது கிலோ மூட்டை ஏறும், இறக்கும்போது இடுப்பு உயரத்திலிருந்து விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் உள்ளே இருக்கும் இரும்பு தன் எடை முழுவதையும் சேர்த்துக்கொண்டு முனைப்பக்கமாக ஒரு இடி இடிக்கும். வண்டி ஓடும்போது வாய்ப்பக்கம், அதாவது வெட்டுகிற ஓரம், முன்னும் பின்னுமாக உரசிக்கொண்டே போகும், நாம் கத்தியை இழுத்து இழுத்துத் தக்காளி அறுப்பது போலத்தான் அதுவும் அட்டையை அறுக்கும். பபிள் ஷீட்டை ஐந்து சுற்று சுற்றினாலும், தெர்மோகோல் வைத்தாலும், பழைய வேட்டியில் பொதிந்தாலும் நாலு நாள் உரசலுக்குத் தாங்காது. அவை எல்லாம் அடி தாங்கத்தான் உதவும், அறுப்பைத் தாங்காது. கத்தி அசையவே கூடாது, முனைக்கு எதிரில் கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

முதலில் கத்தியைத் துடைத்து நன்றாகக் காய வையுங்கள். எவர்சில்வர் கத்திக்குக் கவலையில்லை. பட்டறை இரும்பு என்றால் லேசாக எண்ணெய் தடவ வேண்டும்: சமையலுக்கானது என்றால் தேங்காய் எண்ணெய், தோட்டத்துக்கானது என்றால் மெஷின் எண்ணெய். எண்ணெய் வழியக் கூடாது, வழிந்தால் அட்டை ஊறி பலம் போய்விடும். எண்ணெய் தடவிய அலகை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு சுற்று சுற்றுங்கள். செய்தித்தாளை நேராக இரும்பின் மேல் சுற்றுவது நம் எல்லோருக்கும் பழக்கம், ஆனால் மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துருவை உண்டாக்கும்.

சமையலறைக் கத்திக்கு உறை செய்வது பத்து நிமிட வேலை. கெட்டியான நெளி அட்டையில், அலகைவிட நீளத்தில் இரண்டு அங்குலமும் அகலத்தில் இரண்டு அங்குலமும் கூடுதலாக இரண்டு துண்டு வெட்டுங்கள். அட்டைக்குள் ஓடும் நெளிக் கோடுகள் கத்தியின் வாய்க்குக் குறுக்காக இருக்க வேண்டும். வாயும் கோடும் ஒரே திசையில் இருந்தால் கத்தி அந்தக் கால்வாயில் இறங்கி அட்டையைச் சுலபமாகப் பிளந்துவிடும். பலர் ஒரே அட்டையை இரண்டாக மடித்து அந்த மடிப்பில் வாயை வைப்பார்கள், அதுவும் தவறு, மடிப்புதான் முதலில் அறுபடும். இரண்டு துண்டுக்கும் நடுவில் கத்தியை வைத்து, வாய்க்கு எதிரில் நீளவாக்கில் நாலைந்து அட்டைப் பட்டைகளை அடுக்கி ஒட்டுங்கள். முனைக்கு எதிரில் ஒரு துண்டு ரப்பரோ பாட்டில் கார்க்கோ வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் உறையைச் சுற்றி டேப் போடலாம். டேப் அலகின் மேல் நேராகப் படவே கூடாது, ஏனென்றால் பெறுகிறவர் பிசின் ஒட்டிய டேப்பை வெடுக்கென்று இழுப்பார், ரத்தம் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். உறையிலிருந்து கத்தி நழுவாமல் இருக்க, பிடியையும் உறையையும் சேர்த்துச் சணலால் கட்டி, ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரி சுருக்கு விடுங்கள்.

வெட்டரிவாளுக்கு அட்டை மட்டும் போதாது. அதன் மூக்கு வளைந்து முன்னால் நிற்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் எதையாவது குத்தும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பழைய ஹோஸ் குழாயில் வாயின் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, வாயின் மேல் செருகிவிடுங்கள். வளைவோடு சேர்ந்து அதுவும் வளையும், இதைவிடப் பொருத்தமான உறை கடையில் கிடைக்காது. ஹோஸின் மேல் மூன்று நான்கு இடத்தில் முதுகோடு சேர்த்துச் சணல் கட்டு. பிறகு அரிவாளை ஒரு ப்ளைவுட் பலகையின் மேல் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை, அரிவாளைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். பலகையில் துளை போட்டு பிடி, அலகின் நடு, மூக்குக்குக் கொஞ்சம் கீழே என்று மூன்று இடத்தில் கம்பியாலோ கேபிள் டையாலோ இறுக்குங்கள். பலகையைத் தூக்கித் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள். அரிவாள் நூல் அளவுகூட நகரக் கூடாது.

அரிவாள்மனைதான் எல்லாவற்றிலும் தொல்லை. மடக்கு மனை என்றால் மடக்கி, வாய்க்கு ஹோஸ் செருகி, மறுபடி திறக்காதபடி கட்டிவிடலாம். கழற்ற முடியாத பழைய மரமனை என்றால் அலகு நட்டுக்கொண்டு நிற்கும், உச்சியில் தேங்காய்த் துருவியின் பல் வேறு இருக்கும். துருவிப் பூவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து உள்ளே துணி அடைத்துக் கட்டுங்கள். மனையைப் பெட்டியின் அடிப்பலகையோடு திருகு போட்டு நிறுத்திவிட்டால், எப்படி விழுந்தாலும் மரம் எடையைத் தாங்கிக்கொள்ளும். பழைய மரத்தில் துளை போட மனசு வராதவர்கள் கம்பியால் கட்டலாம், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

உளிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரப்பர் குழாய்த் துண்டு, சேர்த்துக் கட்டினால் ஒன்றின் கூர்மையை மற்றொன்று கெடுக்கும். கோடாரித் தலையையும் காம்பையும் தனியாக அனுப்புங்கள். ரம்பத்துக்கும் கருக்கரிவாளுக்கும் கீறிய குழாய் போதும். கத்தரிக்கோலை மூடி, வளையங்களைச் சேர்த்துக் கட்டி, முனைக்கு ஒரு கார்க். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி கதையே வேறு, டேங்கில் பெட்ரோல் வாசனை இருந்தாலே எடுக்க மாட்டார்கள்.

பெட்டி முடிந்தவரை ஒல்லியாக இருக்கட்டும். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருவதைக் கிலோ என்று கணக்குப் போடுகிறார்கள். ஒன்றரைக் கிலோ அரிவாளை 70×30×15 பெட்டியில் வைத்தால் 6.3 கிலோவுக்குக் காசு கேட்பார்கள், அதையே 70×15×8 பெட்டியில் வைத்தால் 1.68 கிலோதான். ஓரங்களிலும் நடுவிலும் அகல டேப். மூடிய பிறகு குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

ஆனால் வீட்டிலேயே முழுக்க ஒட்டிவிடாதீர்கள். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டேப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். கவுன்டரில் இருப்பவர் உள்ளே பார்க்க வேண்டும் என்பார், அவர் பார்த்துத் திருப்தியான பிறகு அங்கேயே ஒட்டலாம். படிவத்தில் பொய் எழுத வேண்டாம். "வீட்டு உபயோகப் பொருள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு எக்ஸ்ரேயில் அரிவாள் வடிவம் தெரிந்தால் சந்தேகம் அங்கேதான் தொடங்கும். "விவசாயக் கருவி, வெட்டரிவாள், 1" என்று உள்ளதை எழுதுங்கள். பெட்டியின் மேலே எனக்குச் சரியாகப் படுவது, "கூர்மையான கருவி, கவனம்" என்று தமிழிலும், போகிற ஊர் மொழியிலும், ஆங்கிலத்திலும் எழுதி, பிடி இருக்கும் முனையில் "இங்கே பிரிக்கவும்" என்று அம்புக்குறி போடுவது. சிவப்பு மையில் கத்திப் படமெல்லாம் வரைய வேண்டாம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் பழைய நினைப்பில் பதிவுத் தபால் என்று கேட்டு நிற்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவம் சிஎன் 22 அல்லது சிஎன் 23 நிரப்ப வேண்டும். அரிவாள், கோடாரி போன்ற விவசாயக் கைக்கருவிகள் சுங்க வகைப்பாட்டில் 8201 என்ற எண்ணிலும், கத்திகள் 8211 என்ற எண்ணிலும் வரும். மரச்சட்டத்தில் கட்டுவதாக இருந்தால் பச்சை மரப்பலகை வேண்டாம், மரத்தோடு பூச்சி பரவாமல் இருக்க உள்ள ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி பக்குவப்படுத்திய முத்திரை கேட்பார்கள். ப்ளைவுட்டுக்கும் 6 மி.மீ.க்கு மேல் போகாத பலகைக்கும் அது தேவையில்லை. பிரிட்டனுக்கு நீளமான அரிவாள் அனுப்பாமல் இருப்பதே மேல். 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் வளைந்த அலகுள்ள வாள்களுக்கு அங்கே 2008 முதல் தடை, உங்கள் அரிவாளை வாள் என்று ஒரு அதிகாரி எடுத்துக்கொண்டால் எதிரில் நின்று விளக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து யாராவது விமானத்தில் போகிறார்கள் என்றால் சமையல் கத்தியை இதே உறையோடு செக்-இன் பெட்டியில் வைத்து அனுப்புவது எளிது. கைப்பையில் மட்டும் கூடாது.

அனுப்பிய அன்றே பெறுகிறவருக்குப் பெட்டியின் உள்பக்கப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், எந்த முனையில் பிடி, எந்தச் சுருக்கை இழுக்க வேண்டும் என்று தெரியும்படி. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவாமல் பலகையோடு வெளியே எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம். சமையல் கத்தி என்றால் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி உடனே துடைக்க வேண்டும், ஈரத்தோடு வைத்தால் இரும்பு மறுநாளே பழுப்பாகிவிடும். உறையையும் பலகையையும் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், சாணை பிடிக்கத் திருப்பி அனுப்பும்போது அப்படியே எடுத்துக் கட்டலாம்.